செத்த வீட்டுக்கு யாரும் அழைப்பு அனுப்புவதில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நெட்வொர்க்கிங் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் மனேஜர் அபிரா கேட்டாள். "அன்ரி, ஜஸ்ட் டூ பேஜஸ் போதும். டிப்ஸ் மாதிரி" என்றாள். டிப்ஸ் எழுத எனக்கு வராது, கதைதான் வரும். நீண்டுபோனால் அவளைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் இப்போது இருக்கிற இதே நிறுவனத்தில், ஓய்வு பெறும்வரை, ஆள் பிடிக்கிற வேலை பார்த்தவள். கமராவும் எடிட்டிங்கும் முதலாளி கேதீஸின் பாடு. யார் வீட்டில் கலியாணம் வருகிறது, எந்தக் கடைக்கு விளம்பரம் வேண்டும், எந்தக் கோயில் திருவிழாவை நேரலையாகக் காட்டலாம் என்று மோப்பம் பிடித்துக்கொண்டு வருவது என் பாடு.

நான் வந்த காலத்தில் கலியாண வீட்டு வீடியோக் கொப்பி டிவிடியில் போனது. பிறகு டிவிடி போட வீட்டில் பெட்டி இல்லை என்றார்கள். நேரலை வந்தது. "இனி லைவ் இல்லாட்டில் தொழில் இல்லை" என்றார்கள். பிறகு அரை நிமிஷக் காணொளி வந்தது, பிறகு இரண்டு பேர் மைக்குக்கு முன்னால் இருந்து மணிக்கணக்காகக் கதைப்பது வந்தது, இப்போது ஆளே இல்லாமல் கணினி கதைக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஸ்காபரோவில் மில்லிக்கன் பக்கம் ஒரு ஹோலை வாடகைக்கு எடுத்து யாராவது ஒரு கூட்டம் வைப்பார்கள். வீடு விற்கிறவர்கள், மோட்கேஜ் எடுத்துத் தருகிறவர்கள், காப்புறுதிக்காரர்கள், எங்களைப் போன்ற கமராக் கூட்டம், எல்லோரும் ஒரு கையில் றோல்ஸும் மறுகையில் விசிட்டிங் கார்டுமாக நிற்போம். வீட்டுக்கு வந்து கைப்பையைக் கொட்டினால் கார்ட் கார்டாக விழும். ஒரு முகமும் ஞாபகம் வராது.

அந்தக் கூட்டங்களுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். றோல்ஸ் ருசியாக இருக்கும்.

எனக்கு இந்தத் தொழிலைக் காட்டித் தந்தவர் ஒரு பெண். மில்லிக்கனில் ஒரு பிளாசாவில், மரக்கறிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் வீடியோக் கடை வைத்திருந்தார். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விடுகிறேன். வாய் என்றால் அப்படி ஒரு வாய். நான் சேர்ந்த புதிதில் வாடிக்கையாளர் ஒருவருடைய தகப்பனார் இறந்துபோனார். உடலைப் பார்வைக்கு வைத்திருந்த இடத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். காரை நிறுத்தியவுடன் என் கைப்பையை வாங்கித் திறந்தார். உள்ளே இருந்த கார்ட் கட்டை எடுத்து ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தார்.

"ஏனக்கா?" என்றேன்.

"உள்ளுக்கை ஊர்ச்சனம் முழுக்க நிக்கும். உன்ரை கை சும்மா இராது. செத்த வீட்டுக்குக் கார்ட் கொண்டு போறதும் ஒண்டுதான், பிணத்தின்ரை காதிலை தோடு கழட்டுறதும் ஒண்டுதான். வா, இறங்கு."

அதற்குப் பிறகு நான் எந்தச் செத்த வீட்டுக்குப் போனாலும் கார்ட் காரிலேயே இருக்கும். இதைப் பெரிய கொள்கை என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய வாய்க்குப் பயம், அவ்வளவுதான். பயம் போன பிறகும் பழக்கம் நின்றுவிட்டது.

இனி எங்கள் போட்டிக்காரரைச் சொல்ல வேண்டும். விட்பியில் வீடும் ஸ்ரூடியோவும் வைத்திருந்தார், அதனால் நாங்கள் அவரை விட்பிக்காரர் என்றே சொல்வோம். கேதீஸ் அதைக்கூடச் சொல்ல மாட்டார், "உந்த ஆள்" என்பார். காரணம் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் எங்களைச் சிபாரிசு செய்துகொண்டிருந்த ஒரு பெரிய கலியாண மண்டப ஹோல்காரர், ஒரு நாள் திடீரென்று விட்பிக்காரரைச் சிபாரிசு செய்யத் தொடங்கினார். வியாபாரத்தில் அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் கோபம் கோபம்தானே? அதற்குப் பிறகு ஒரே மண்டபத்தில் சந்திக்க நேர்ந்தால் அவர் கூரையைப் பார்ப்பார், நான் சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பேன்.

அவருடைய தாயார் அஜக்ஸில் காலமானபோது நான் போனேன். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, இங்கே பிறந்த உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கலியாண வீட்டுக்குச் சொன்னால்தான் போக வேண்டும். செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போக வேண்டும். முகம் பார்க்காத பகையென்றாலும் செத்த வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்ட வேண்டும். கேதீஸ் வரவில்லை. "நீங்கள் போயிட்டு வாங்கோ அக்கா. நான் வந்தால் நடிக்கிறன் எண்டு நினைப்பார்" என்றார். நான் போய், விட்பிக்காரரின் கையைப் பிடித்தேன், பின் வரிசையில் கொஞ்ச நேரம் இருந்தேன், எழும்பி வந்துவிட்டேன்.  அடுத்த கலியாண வீட்டில் அவர் பழையபடி கூரையைப் பார்த்தார்.

இனித்தான் நான் சொல்ல வந்த நாள் வருகிறது.

ஸ்டெலா என்று ஒரு பெண். மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். அவளுடைய கணவர் ஜெராட் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். போகிற வயதே இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். ஜெராட்டின் தாய் மன்னாரில் இருந்தார். அவருக்கு ஜெராட் ஒரே மகன். விசா எடுத்து வந்து சேர வழியில்லை. நேரலை ஏற்பாடு செய்ய நான் வீட்டுக்குப் போனபோது ஸ்டெலா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அக்கா, பெட்டியை மூட முதல் மாமி அவரின்ரை முகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்கவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

அந்தத் தாய்க்குக் கண் பார்வை குறைவு, கைத்தொலைபேசியில் ஒன்றும் தெரியாது. அதனால் மன்னாரில் ஒரு உறவுக்காரர் வீட்டுப் பெரிய ரிவியில் காட்டுவதாக ஒழுங்கு செய்தோம். எந்த நிகழ்வென்றாலும் உறவினரையும் நண்பர்களையும் சேர்த்து ஃபோனில் ஒரு குறூப் தொடங்கி, லிங்கை அதில் போடுவது எங்கள் வழக்கம். நீங்களும் அதைத்தானே செய்கிறீர்கள்? ஜெராட்டுக்கும் அப்படி ஒன்று தொடங்கினோம். பாரிஸ், லண்டன், மன்னார், ஸ்காபரோ எல்லாம் அதில் இருந்தன.

அடக்கத்தன்று காலை நான் 401 நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தேன். கேதீஸ் அழைத்தார்.

"அக்கா, சேனல் இல்லை."

"என்ன இல்லை?"

"எங்கடை சேனல். மூடிப்போட்டாங்கள். ஒண்டுமே இல்லை அக்கா."

அட கோதாரி! என் வாயில் வந்தது அதுதான்.

காரணம் பாட்டு. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இருக்கிற வருத்தம் இது. சாமத்தியச் சடங்கு வீட்டில், பெரியபிள்ளையான பிள்ளை பல்லக்கில் வரும்போது சினிமாப் பாட்டுப் போடுவார்கள். நேரலையில் அந்தப் பாட்டும் போகும். பாட்டுக்கு உரிமை உள்ளவன் காணொளித் தளத்துக்கு முறையிடுவான். சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்டலாம்தான், ஆனால் பிள்ளையின் தாய்க்காரி எங்களை உயிரோடு விட மாட்டாள். ஊரில் உள்ள அத்தனை கமராக்காரரும் கண்ணை மூடிக்கொண்டு அப்படித்தான் ஓட்டினார்கள். மூன்று எச்சரிக்கை சேர்ந்தால் சேனல் போய்விடும். எங்களுக்கு மூன்றாவது வந்தது அன்றைக்குத்தான்.

வேறு சேனல் திறக்கலாமே என்பீர்கள். புதுச் சேனலுக்கு நேரலை அனுமதி கிடைக்க ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அபிரா அப்போதுதான் எங்களிடம் சேர்ந்திருந்தாள். "வீடியோ கோல் போடலாம் அன்ரி, இட்ஸ் ஈஸி" என்றாள். மன்னார் வீட்டு ரிவியில் அது வேலை செய்யாது என்று தெரிந்ததும் பாவம், நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது, அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலுக்குள் பெட்டி திறந்திருந்தது. சனம் வரிசையாக வந்து பார்த்துக்கொண்டிருந்தது. கேதீஸ் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, இப்ப ஸ்டெலாவுக்குச் சொல்லவேண்டாம். நான் வடிவா ரெக்கோட் பண்ணுறன். பின்னேரம் மன்னாருக்கு அனுப்புவம். இன்ரநெற் பிழைச்சுப் போச்செண்டு சொல்லலாம்."

அவர் கெட்ட மனுசன் இல்லை. அந்தரத்தில் யாருக்கும் அப்படித்தான் புத்தி போகும். எனக்கும் ஒரு கணம் அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பெட்டி மூடப்பட்டால் பிறகு திறக்காது. மூட வேண்டுமா, காத்திருக்க வேண்டுமா என்று தீர்மானிக்கிற உரிமை அந்த வீட்டில் ஸ்டெலாவுக்கு மட்டும்தான் இருந்தது. நான் போய் அவள் பக்கத்தில் இருந்து, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"எங்கடை சேனல் மூடுபட்டுப் போச்சு ஸ்டெலா. வழி தேடுறம். கிடைக்குமெண்டு என்னாலை சத்தியம் பண்ண ஏலாது."

அவள் அழவில்லை, என்னைத் திட்டவுமில்லை. பெட்டியின் விளிம்பில் கையை வைத்தாள்.

"மாமி பாக்கிற வரைக்கும் இதை ஒருத்தரும் மூட நான் விடமாட்டன்."

நான் வாசலுக்கு வந்தேன், யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தலை சுற்றியது. அப்போது விட்பிக்காரர் தோளில் ஒரு பையோடு படியேறி வந்துகொண்டிருந்தார்.

கேதீஸ் என் காதுக்குள், "ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுதுகொண்டு வருது, பாருங்கோ" என்றார்.

விட்பிக்காரருக்கு அது கேட்டதோ தெரியாது. நேரே என்னிடம் வந்தார்.

"விடியப் பாத்தனான் அக்கா, உங்கடை சேனல் போயிட்டுது. இண்டைக்கு உங்களுக்கு இஞ்சை அடக்கம் இருக்கெண்டு மரண அறிவித்தலிலை கண்டனான்."

எங்கள் சேனலை எங்களைவிடக் கவனமாகப் பார்க்கிறவர்கள் போட்டிக்காரர்கள்தான், இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

"நாங்கள் உங்களைக் கூப்பிடேல்லையே அண்ணை" என்றேன். நன்றியும் இல்லாத கதை, மரியாதையும் இல்லாத கதை. அந்த நேரம் அதுதான் வந்தது.

"செத்த வீட்டுக்கு ஆரும் அழைப்பு அனுப்புறவையே?" என்றார். "என்ரை சேனலிலை விடுங்கோ. விளம்பரம் எல்லாம் நிப்பாட்டியாச்சு. என்ரை பேரையும் லோகோவையும் எடுத்துப்போட்டன், உங்கடையைப் போடுங்கோ. கெதியா வயரைத் தாங்கோ."

கேதீஸின் முகம் மாறியது. தொழில்காரர் அல்லவா, அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "உங்களுக்கும் எச்சரிக்கை கிடக்கெல்லோ? பூசையிலை பாடுற பாட்டுக்கு ஆராவது உரிமை கேட்டால்?" என்றார்.

"ரெண்டு கிடக்கு. கேட்டால் என்ரையும் போகும்" என்றார் விட்பிக்காரர். "போனால் பேந்து பாப்பம். இப்ப வயரைத் தாரும்."

புது லிங்க் கிடைத்துவிட்டது. அதை நான் குறூப்பில் போட்டேன். போட்டதுதான் தாமதம், பாரிஸ்காரர் படம் வரவில்லை என்கிறார், லண்டன்காரர் சத்தம் வரவில்லை என்கிறார். ஒவ்வொன்றையும் விட்பிக்காரரிடம் நான் வாசித்து, அவர் சொல்ல, நான் திருப்பி எழுதி, இது சரிவராது என்று தெரிந்தது. அவரையே குறூப்பில் சேர்க்க வேண்டும்.

இது உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். எங்கள் தொழிலில் குறூப்தான் முதல். அந்த ஒரு குறூப்பில் நாளைக்குக் கலியாணம் வைக்கப் போகிற வீடுகள் இருந்தன, கடைக்காரர்கள் இருந்தார்கள், மன்னார்ச் சங்கத்துத் தலைவர்மார் இருந்தார்கள். போட்டிக்காரரை அதற்குள் விடுவது பட்டறைப் பூட்டின் திறப்பைத் தூக்கிக் கொடுப்பது போல. கேதீஸ் என்னைப் பார்த்தார். முடிவு என் பாடு. நான் பெட்டிப் பக்கம் பார்த்தேன். ஸ்டெலாவின் கை இன்னும் அந்த விளிம்பில்தான் இருந்தது. விட்பிக்காரரைக் குறூப்பில் சேர்த்தேன்.

பாரிஸ் சரிவந்தது, லண்டன் சரிவந்தது. மன்னாரிலிருந்து மட்டும் ஒரு பதிலும் இல்லை. ரிவி வைத்திருந்த உறவுக்காரர் அழைப்பை எடுக்கவில்லை. பழைய லிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார் போல. பூசை தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது. இறுதிச் சடங்கை நடத்துகிற மலர்ச்சாலைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார், அடக்கம் செய்கிற சேமக்காலையில் அவர்களுக்கும் நேரக் கட்டுப்பாடு. ஃபாதர் பீடத்திலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"தாய் வந்திட்டாவோ?"

"இன்னும் இல்லை ஃபாதர்."

"அப்ப இருப்பம். தாய் வராமல் எப்பிடித் தொடங்குறது?"

அவர் போய்த் தன் கதிரையில் இருந்தார். கோயில் முழுக்கச் சனமும் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை. கடல் கடந்து ஒரு வீட்டில் ஒரு ரிவிக்கு முன்னால் இருக்கிற மனுசிக்காக, அவர் கார் பிழைத்து வழியில் நிற்பது போல, எல்லோரும் காத்திருந்தார்கள். அந்தச் சனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

விட்பிக்காரர் தன் ஃபோனில் யாரையோ தேடினார். எப்போதோ அவர் படம் எடுத்த கலியாணம் ஒன்று, மாப்பிள்ளை பாரிஸில் இருக்கிறார், மாப்பிள்ளையின் தம்பி மன்னாரில் கடை வைத்திருக்கிறார். பாரிஸுக்கு அடித்தார், அங்கிருந்து மன்னாருக்குப் போனது. அந்தத் தம்பி கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் அந்த வீட்டுக்கு ஓடினாராம். அவர் அந்தத் தாயை முன்பின் கண்டதே இல்லை.

கொஞ்ச நேரத்தில் குறூப்பில் ஒரு படம் வந்தது. நரைத்த தலை ஒன்று, பின்பக்கம் தெரிகிறது. அதற்கு முன்னால் ரிவியில் எங்கள் கோயில். கீழே, "அம்மா வந்திட்டா" என்று எழுதியிருந்தது.

உடனே என் ஃபோன் அடித்தது, அந்தத் தாய்தான். நான் சத்தத்தைக் கூட்டி ஸ்டெலாவின் பக்கத்தில் பிடித்தேன். கேதீஸ் கமராவைத் தூக்கிக்கொண்டு பெட்டியடிக்குப் போனார்.

"கிட்டக் காட்டுங்கோ பிள்ளை. நெத்தியைக் காட்டுங்கோ."

காட்டினோம். ஸ்டெலா ஜெராட்டின் நெற்றியில் சிலுவை போட்டாள். அந்தப் பக்கம் தாய் ஒரு செபம் முணுமுணுத்தார். பிறகு, "போயிட்டு வா ராசா" என்றார். பிறகு எங்களைப் பார்த்துச் சொல்வது போல, "சரி பிள்ளை. இனி மூடுங்கோ" என்றார்.

ஸ்டெலா கையை எடுத்தாள்.

சேமக்காலையிலும் விட்பிக்காரர் கடைசிவரை நின்றார். எல்லாம் முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருக்கும்போது கேதீஸ் அவரிடம் போய்க் கையைப் பிடித்தார்.   நான்தான் கேட்டேன், "ஏன் அண்ணை வந்தனீங்கள்? உங்கடை சேனலையும் பணயம் வைச்சு?"

அவர் வயரைச் சுற்றியபடியே சொன்னார்.

"அம்மான்ரை செத்த வீட்டுக்கு எங்கடை தொழில்காரர் கனபேர் வந்தவை. துக்கம் விசாரிச்சுப்போட்டு எல்லாரும் எனக்குக் கார்ட் தந்திட்டுப் போச்சினம். பேந்து சட்டைப் பொக்கற்றைப் பாத்தால் கார்டாக் கிடக்கு. நீங்கள் மட்டும் என்ரை கையைப் பிடிச்சிட்டுப் போனீங்கள்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மில்லிக்கன் பிளாசாவில் வீடியோக் கடை வைத்திருந்த அக்காவின் அந்த வாயை நினைத்துக்கொண்டேன். அவ என் கைப்பையைப் பறிக்காமல் விட்டிருந்தால், அந்தப் பொக்கற்றில் என் கார்டும் ஒன்றாகக் கிடந்திருக்கும். அன்று பின்னேரமே அவவுக்கு அழைத்து நன்றி சொன்னேன். "இப்பத்தான் விளங்கினதோ உனக்கு?" என்றார்.

எங்கள் சேனல் பல முறையீட்டுக்குப் பிறகு திரும்பி வந்தது. விட்பிக்காரரின் சேனலுக்கு ஒன்றும் நடக்கவில்லை, கர்த்தர் புண்ணியம். அந்த ஹோல்காரர் கடைசிவரை அவரைத்தான் சிபாரிசு செய்தார். கேதீஸ் அதற்காகப் பிறகு கோபிக்கவில்லை.

ஆனால் அன்று பின்னேரம் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். வீட்டுக்கு வந்து குறூப்பைத் திறந்தேன். செய்திக்கு மேல் செய்தி. "நேரலை செய்தது ஆர்? நல்லாச் செய்திருக்கினம்" என்று பாரிஸிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பெயரைச் சொல்லிப் பலர் பதில் போட்டிருந்தார்கள். விட்பிக்காரர் ஒரு வரி எழுதியிருந்தால் அவருடைய பெயர் அன்றைக்கு நான்கு நாட்டுக்குப் போயிருக்கும். நான் விட்பிக்காரரின் பெயரை எழுதி நன்றி சொல்ல நினைத்து மேலே தேடினேன். அனுதாபச் செய்திகளுக்கு நடுவில், மெல்லிய சாம்பல் நிற எழுத்தில் ஒரு வரி கிடந்தது. அடக்கம் முடிந்தவுடனேயே, ஒரு சொல்லும் எழுதாமல், அவர் குறூப்பை விட்டு வெளியேறியிருந்தார்.

அவருடைய கார்டும் அன்றைக்குக் காரிலேயே இருந்திருக்கிறது.